நாலு அங்குலம் குறைந்த வாசல்

அத்தியாயம் 14

நம் பிளான்காரி நாத்தனாரோடு பேச்சை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. ஏன் என்று தெரிந்தவர்கள் நேராகச் செவ்வாய்க்கிழமைக்குப் போய்விடலாம். இந்த வாரம்தான் முதல் முறையாகப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கட்டடம் கட்டுகிறவர்களுக்குப் பிளான் வரைந்து கொடுப்பது அவள் வேலை. ஒன்பது வருடமாக ஒரே ஆர்க்கிடெக்ட் அம்மாவுக்கு, பெரும்பாலும் வீட்டிலிருந்தே வரைகிறாள். அதற்காகத் தன் சம்பாத்தியத்தில் பதினேழு அங்குல லேப்டாப் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். மூன்று வாரத்துக்கு முன், அவர்களுடைய கல்யாண நாளன்று, கணவர் ஒரு பத்து அங்குலக் குட்டியை அவள் கையில் கொடுத்தார். "கைக்கு அடக்கமா இருக்கு பாரு. உனக்கு இது போதும்" என்றார். மறுநாள் காலை பெரியதைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

குட்டி வந்தது நாத்தனார் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடையிலிருந்து. விற்காமல் கிடந்த சரக்கை அண்ணன் தலையில் கட்டி, அண்ணன் வழியாகத் தன் தலையில் கட்டிவிட்டாள் என்று பிளான்காரி முடிவு கட்டினாள். நாத்தனார் என்றாலே அப்படித்தான் என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள். கடிதம் போட்ட வாசகர்களில் முக்கால்வாசிப் பேர் நினைத்திருக்கிறீர்கள். இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்குப் போன் அடித்தது. மேஸ்திரி.

"பிளான்காரம்மா, கொஞ்சம் சைட்டுக்கு வர்றீங்களா? மேடம் வந்து சத்தம் போட்டுட்டிருக்காங்க."

கட்டிக்கொண்டிருந்தது ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. முதல் மாடியில் ஆபரேஷன் அறைக்குப் போகிற வாசலின் இரண்டு பக்கமும் சுவர் எழும்பி, காய்ந்தும் விட்டது. அதன் நடுவில் ஒரு ஸ்ட்ரெச்சரை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் நுழைந்தது. கூடத் தள்ளிக்கொண்டு வருகிறவர் பக்கவாட்டில் நிற்க இடமில்லை.

ஆர்க்கிடெக்ட் அம்மா திரும்பிப் பார்த்தார். கத்தி முடித்த களைப்பு முகத்தில் இருந்தது.

"இந்த வாசல் எத்தனை அடி?"

"அஞ்சடி மேடம்."

"அளந்து பாருங்க."

அளந்தாள். நாலடி எட்டங்குலம்.

"மேஸ்திரி, ஏன் இப்படிக் கட்டினீங்க?" என்று அவள் குரல் உயர்ந்தது.

"என்மேல பாயாதீங்கம்மா. பேப்பர்ல இந்த வாசலுக்கு நீங்க அளவு நம்பர் போடல. நம்பர் இல்லாத இடத்துல நான் ஸ்கேலை வச்சுப் பாத்துக் கட்டுவேன். இருபது வருஷமா அப்படித்தான். பேப்பர் நாலடி எட்டங்குலம்னு சொல்லுச்சு, கட்டிட்டேன்."

தாளைப் பிடுங்கி விரித்தாள். உண்மைதான், வாசலுக்கு அளவு எண் இல்லை. அந்த மூலையில் எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து எதுவும் தெரியாமல் போகவே, ஒன்றை மட்டும் ஓரமாக நகர்த்தி வைத்தது நினைவுக்கு வந்தது. திரும்ப எடுத்து வைக்க மறந்துவிட்டாள். பெரிய திரையில் வரைந்தபோது எண்கள் அப்படிக் குவிந்ததே இல்லை.

ஆனால் எண் இல்லாவிட்டாலும் ஸ்கேல் சரியாகக் காட்டியிருக்க வேண்டுமே? பக்கத்துச் சுவரின்மேல் ஸ்கேலை வைத்தாள். பன்னிரண்டு அடி என்று எழுதியிருந்த சுவர், ஸ்கேலில் பதினோரு அடி இரண்டு அங்குலம் காட்டியது. இன்னொரு சுவரின்மேல் வைத்தாள். அதுவும் குறைவுதான். தாளில் இருந்த படம் முழுவதுமே சுருங்கியிருந்தது.

அங்கேயே, மணல் குவியலுக்குப் பக்கத்தில், கைப்பையிலிருந்து குட்டியை எடுத்துத் திறந்தாள். பிரிண்ட் எடுக்கும் பெட்டியைத் திரையில் வரவழைத்தாள். பெட்டியின் மேல்பாதி தெரிந்தது. கீழ்ப்பாதி திரையின் விளிம்புக்குக் கீழே போயிருந்தது. மூன்று வாரமாக அப்படித்தான். அந்தத் திரையின் உயரத்துக்குள் அந்தப் பெட்டி அடங்காது. 'சரி' என்கிற பொத்தான் கண்ணுக்குத் தெரியாததால், என்டர் விசையைத் தட்டித் தட்டியே பழகிவிட்டாள்.

விசைகளை மாற்றி மாற்றி அழுத்திப் பெட்டியை மேலே நகர்த்தினாள். பொத்தானுக்கு மேலே ஒரு சின்னக் கட்டம். 'தாளுக்குள் அடங்கும்படி சுருக்கு.' அதில் அழகாக ஒரு டிக்.

மூன்று வாரமாக அவள் படிக்காத பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"என் தப்புதான் மேடம்" என்றாள்.

"யார் தப்புன்னு அப்புறம் பேசலாம். சுவரை இடிச்சுடலாம், அது பெரிசில்ல. மத்தப் பத்துத் தாளும் இதே லட்சணமான்னு எனக்குத் தெரியணும். சாயங்காலம் நாலு மணிக்கு டாக்டருங்க ஆபீசுக்கு வர்றாங்க. பதினோரு தாளும் எண்ணுக்கு எண் சரிபாத்து, சரியான அளவுல பிரிண்ட் எடுத்து மேஜைமேல இருக்கணும். ஆபீஸ் கம்ப்யூட்டர் ரெண்டுலயும் இன்னிக்கு ஆள் இருக்கு. உங்க மெஷின்லதான் செய்யணும்."

"சரி மேடம்."

"அடுத்து வர்ற பள்ளிக்கூடத்தை உங்க பேர்ல தர்றதா இருந்தேன். 'வரைந்தவர்'னு தாள்ல ஒரு கட்டம் இருக்கே, அதுல முதல் தடவையா உங்க பேர் வரட்டும்னு நினைச்சேன். நாலு மணிக்குத் தாள் வரலைன்னா, அதை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். வருத்தப்பட்டுப் பிரயோஜனம் இல்லை."

ஒன்பது வருடம் அந்தக் கட்டத்தில் ஆபீஸ் பெயரைப் போட்டே பழகியவளுக்கு, இது எப்படி வலிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குட்டியில் ஒரு தாளைத் திறக்கலாம். இரண்டு தாளைத் திறந்தால் யோசிக்கும். மூன்றாவதைத் திறந்தால் அப்படியே நின்றுவிடும். பதினோரு தாளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இன்னும் ஒரு வாரம் வேண்டும். கையில் இருந்ததோ ஆறு மணி நேரம்.

நேராகக் கணவரிடம் போயிருக்கலாம். போகவில்லை. மூன்று வாரமாக மனதில் வைத்திருந்த கோபம் கால்களை வேறு பக்கம் திருப்பியது. கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது நாத்தனார் ஒரு பெரியவருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் குட்டிகள் வரிசை, எதிர்ப்பக்கம் பெரியவை வரிசை.

"ரெண்டுல எதும்மா நல்லது?" என்றார் பெரியவர்.

"எது நல்லதுன்னு கேக்காதீங்க ஐயா, யாருக்குன்னு கேளுங்க. அலையிறவங்களுக்குச் சின்னது. ஒரு கிலோதான், பைக்குள்ள போட்டா தெரியாது, சார்ஜ் எட்டு மணி நேரம் நிக்கும். மெயில், ரிப்போர்ட், டைப் அடிக்கிறது எல்லாத்துக்கும் தாராளம். ஆனா ஒரே இடத்துல உக்காந்து படம் வரையணும், நாலு வேலையை ஒண்ணா திறந்து வைக்கணும்னா அதைத் தொடாதீங்க. பெரிசு எடுத்துக்குங்க. அது கனக்கும், ஒன்றரை மணி நேரத்துல சார்ஜ் போயிடும். மேஜைமேல இருக்கிறதுக்கு என்ன கவலை?"

"இவ்வளவு தெரிஞ்சுகிட்டுத்தான் எனக்குச் சின்னதைத் தலையில கட்டினியா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நாத்தனார் திரும்பினாள். "அண்ணி?"

பிளான்காரி குட்டியை மேஜையில் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்காக நான் எழுதுவது.

"ஆஸ்பத்திரில ஒரு சுவரை இடிக்கப்போறாங்க. உன் பத்து அங்குலத்தால. எனக்கு வேலை போகப்போகுது. சந்தோஷமா?"

பெரியவர் நாலடி பின்வாங்கினார். நாத்தனார் குட்டியைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். அவள் முகத்தில் குற்ற உணர்ச்சி வரும் என்று பிளான்காரி எதிர்பார்த்தாள். குழப்பம்தான் வந்தது.

"இது எப்படி அண்ணி உங்ககிட்ட வந்துச்சு?"

"நடிக்காத. கல்யாண நாள் பரிசுன்னு உங்க அண்ணன்தான் கொடுத்தாரு."

"பரிசா! நான் 'யாருக்கு'ன்னு கேட்டுத்தான் கொடுத்தேன். 'எனக்குத்தான், பை தூக்கித் தூக்கித் தோள் விட்டுப் போச்சு'ன்னு சொன்னாரு. வாங்கின அன்னிக்கு 'அண்ணி மெஷினைத் தொட்டுடாத, அது பிளான் போடுறதுக்கு'ன்னு வேற சொல்லி அனுப்பினேன். நீங்க என்கூடப் பேசாம இருந்தது இதுக்கா?"

மூன்று வாரமாகத் தவறான ஆள்மேல் கோபப்பட்டிருக்கிறோம் என்று தெரிகிறபோது கோபம் குறையாது. இரண்டு மடங்காகி, சரியான விலாசத்துக்குப் போகும்.

நாத்தனார் உள்ளே போய் முதலாளியிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து, குட்டியில் இருந்த பதினோரு தாளையும் ஒரு பென் டிரைவில் ஏற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"வாங்க அண்ணி, ரெண்டு பேருமே போவோம்."

கணவர் ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் கம்பெனியில் இன்ஜினீயர். அன்று ஊரின் மறுகோடியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு மேஜை. அதன்மேல் அந்தப் பதினேழு அங்குலம் முழுதாக விரிந்திருந்தது. சார்ஜர் கம்பி நடைபாதையைக் கடந்து சுவருக்குப் போனது. அதில் அவர் அடித்துக்கொண்டிருந்தது நாலு வரி: இயந்திரம் பார்க்கப்பட்டது, பாகம் மாற்றப்பட்டது, ஓட்டிப் பார்க்கப்பட்டது, சரியாக ஓடுகிறது. இடது கை தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தது.

அந்தத் தோளுக்குத்தான் மூன்று வாரமாக அவள் தைலம் தேய்த்துவிடுகிறாள். தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு போகிற தோளுக்கு! நேராகப் போய் மேஜை முன்னால் நின்றாள்.

"அதை மூடுங்க" என்றாள்.

நிமிர்ந்தவர் மனைவியையும் தங்கையையும் சேர்த்துப் பார்த்ததில் கொஞ்சம் ஆடிப்போனார். "என்ன, ரெண்டு பேரும் சேர்ந்து? வீட்டுல எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"என் மெஷின் வேணும். இப்ப."

"வேலையில இருக்கேன்மா. சாயங்காலம் வீட்டுல பேசலாம்."

"சாயங்காலம் எனக்கு வேலை இருக்காது. இந்தக் குட்டியில வரைஞ்சு ஒரு வாசல் நாலு அங்குலம் குறைஞ்சு போச்சு. சுவரை இடிக்கிறாங்க."

"அதுக்கு மெஷின் என்ன பண்ணும்? திரை சின்னதோ பெரிசோ, கோடு கோடுதானே? கொஞ்சம் கவனமா பாத்திருந்தா..."

அந்த வாக்கியத்தை அவர் முடித்திருக்கவே கூடாது. நல்லவேளை, தங்கை முடிக்க விடவில்லை.

"அண்ணா, என்கிட்ட யாருக்குன்னு சொல்லி வாங்கின?"

அவர் கண் அங்குமிங்கும் போனது. "எனக்குத்தான் வாங்கினேன். பொய் சொல்லல. முதல் நாள் இங்க கொண்டுவந்து திறந்தேன். டாக்டர் ஒருத்தர் பாத்துட்டு, 'என்ன சார், வீட்டுல குழந்தைகிட்டேருந்து பிடுங்கிட்டு வந்தீங்களா'ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நாலு பேரு மதிக்கிற இடத்துல ஒரு பொம்மையை வச்சுகிட்டு நான் எப்படி..."

"அன்னிக்கு ராத்திரிதான் எனக்குப் பரிசு கொடுத்தீங்க" என்றாள் பிளான்காரி, மெதுவாக.

அவர் திரையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"உங்களுக்குப் பொம்மையாப் போனதைத் துடைச்சு, கல்யாண நாள்னு என் கையில கொடுத்தீங்க. உனக்கு இது போதும்னு வேற சொன்னீங்க."

"சத்தம் போடாதே, எல்லாரும் பாக்குறாங்க. இதோ பாரு, நீ வீட்டுல உக்காந்து வரையறே. உன்கிட்ட எந்த மெஷின் இருக்குன்னு யாரு பாக்கப்போறாங்க?"

"மேஸ்திரி பாத்தாரு! ஸ்கேலை வச்சுப் பாத்தாரு. நாளைக்கு அந்த வாசல் வழியா வலியோட ஒருத்தியைத் தள்ளிட்டு வருவாங்க, அவ பார்ப்பா. நான் போடுற ஒவ்வொரு கோட்டையும் எவனோ செங்கல் வச்சுக் கட்டிப் பாக்குறான். நீங்க அடிக்கிற நாலு வரியை யாரு பாக்குறாங்க? சொல்லுங்க!"

ஸ்கேனுக்குக் காத்திருந்த ஒரு அம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

பிளான்காரி குட்டியை அவர் முன்னால் வைத்தாள். சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சுற்றினாள். பெரியதை மூடப்போனபோது அவர் கை குறுக்கே வந்தது.

"இரு இரு. அதுல ஒரு படிவம் திறந்திருக்கு. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். அதை மட்டும் முடிச்சுட்டு..."

"நாலு மணிக்குள்ள நான் முடிக்கணும்."

மூடினாள். எடுத்துக்கொண்டு நடந்தாள். நாத்தனார் மட்டும் ஒரு விநாடி நின்றாள்.

"நாலு வரியை இதுல அடி அண்ணா. எட்டு மணி நேரம் நிக்கும். தோளும் வலிக்காது. யாராவது சிரிச்சா, கூடச் சேர்ந்து சிரி."

ஆபீஸ் போய்ச் சேரும்போது மணி ஒன்றே கால். மூலையில் ஒரு மேஜை காலியாக இருந்தது. சார்ஜரையும் பென் டிரைவையும் செருகிப் பெரியதைத் திறந்ததும் திரையில் ஏதோ எழுத்துகள் தெரிந்தன. பார்க்க நேரமில்லாமல் அதைக் கீழே ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடங்கினாள். மூன்று தாளை ஒன்றாகத் திறந்தாள். திறந்தது. நான்காவதும் திறந்தது. திரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை கட்டடம் முழுதாகக் கிடந்தது. மூன்று வாரமாக ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்த வீட்டுக்குள் கதவைத் திறந்துகொண்டு போனதுபோல் இருந்தது அவளுக்கு.

நாத்தனார் பழைய தாளைப் பிடித்துக்கொண்டு எண்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். பிளான்காரி திரையில் சரிபார்த்தாள்.

"மாடிப்படி அகலம் நாலடி."

"சரி."

"ஜன்னல் மூணடி ஆறங்குலம்."

"சரி. அடுத்தது."

ஆறாவது தாளில் ஒரு பிழை அகப்பட்டது. எட்டாவதில் இன்னொன்று. இரண்டும் இந்த மூன்று வாரத்தில் வந்தவை. நடுவில் நாத்தனார் ஒருமுறை, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அண்ணி" என்றாள். "கேட்டிருக்கணும்" என்றாள் பிளான்காரி. அதற்குமேல் அதைப் பேச நேரம் இல்லை. அடுத்த எண்ணுக்குப் போனார்கள்.

மூன்று ஐம்பதுக்குப் பதினோரு தாளும் அச்சாகி மேஜைக்கு வந்தன. பிரிண்ட் பெட்டியின் கீழே இருந்த கட்டத்தில் டிக்கை அவளே எடுத்துவிட்டு, 'சரி' என்ற பொத்தானைக் கண்ணால் பார்த்துத்தான் அழுத்தியிருந்தாள். மேஸ்திரி ஸ்கேலோடு வந்திருந்தார். வாசல்மேல் வைத்தார்.

"அஞ்சடி" என்றார். "நம்பரும் போட்டுட்டீங்க. இனிமே எனக்கு ஸ்கேலே வேண்டாம்."

ஆர்க்கிடெக்ட் அம்மா டாக்டர்களோடு உள்ளே போவதற்குமுன் அவள் பக்கம் திரும்பினார். "பள்ளிக்கூடத்தை நாளைக்கே ஆரம்பிங்க. இந்த மெஷின்ல."

பிளான்காரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். மணி நாலே முக்கால். வரைபடங்களை ஒவ்வொன்றாக மூடினாள். கடைசித் தாளும் மூடியபின், மதியம் ஒதுக்கி வைத்த அந்தப் படிவம் திரைக்கு வந்தது. கணவரின் கம்பெனிப் படிவம். 'இடமாற்ற விருப்பம்' என்று தலைப்பு.

கேட்டிருந்த ஊர் எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்தது. பெரிய திரையல்லவா, நகர்த்த வேண்டிய அவசியமே இல்லாமல் தலை முதல் கால் வரை தெரிந்தது.

மனைவியின் வேலை: இல்லை.

இடமாற்றத்துக்கு மனைவியின் சம்மதம் கேட்கப்பட்டதா: ஆம்.

ஒருமுறை படித்தாள். தப்பாகப் படித்துவிட்டோமோ என்று இன்னொரு முறை படித்தாள். காலையிலிருந்து பட்ட கோபமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. மெஷினைப் பிடுங்கிக்கொண்டதை மறந்துவிடலாம். ஒன்பது வருடத்தையே 'இல்லை' என்று எழுதி வைத்திருக்கிறாரே!

"இதை எங்ககிட்டயும் சொல்லலயே அண்ணன்" என்று முணுமுணுத்தாள் நாத்தனார்.

பிளான்காரி 'இல்லை'யை அழித்தாள். 'கட்டட வரைபடம் வரைபவர், ஒன்பது ஆண்டுகள்' என்று அடித்தாள். அடுத்த வரியில் 'ஆம்' என்பதை அழித்துவிட்டு, 'கேட்கவில்லை' என்று அடித்தாள். மற்ற எதையும் தொடவில்லை. கீழே 'அனுப்பு' என்று ஒரு பொத்தான் முழுசாகத் தெரிந்தது.

"அண்ணி, யோசிச்சுக்குங்க. அண்ணனுக்கு ஆபீஸ்ல கெட்ட பேராயிடும்."

"என்னைப் பத்தி ரெண்டு கேள்வி கேட்டிருக்காங்க. நான் பதில் சொல்றேன்."

அழுத்தினாள்.

ஐந்து மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது கணவரிடமிருந்து போன் வந்தது. குரலில் அவசரம். "அந்தப் படிவம் அப்படியேதானே இருக்கு? நீ எதையும் தொடலையே?"

"தொட்டேன். ரெண்டு வரி தப்பா இருந்துச்சு, திருத்தி அனுப்பிட்டேன்."

"அனுப்பிட்டியா? ஐயோ, தெரியாம எதையாவது அழுத்தித் தொலைச்சியா?"

"தெரியாம அழுத்தினது போன மூணு வாரம். இதுல பொத்தான் நல்லாத் தெரியுது. பாத்துட்டுத்தான் அழுத்தினேன்."

மறுமுனையில், தாழ்ந்த குரலில், "இரு. ஆபீஸ்லேருந்து கூப்பிடுறாங்க. நான் இப்ப என்னன்னு சொல்றது?" என்று கேட்டார்.

"கேக்கலைன்னு சொல்லுங்க" என்றாள் அவள். "அதுதானே நிஜம்."

போனை வைத்துவிட்டு நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்கான முதல் தாளைத் திறந்து, 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் தன் பெயரை அடிக்கத் தொடங்கினாள்.